தொட்டிக்கு அடியில் சொட்டும் தண்ணீருக்கு எது வழி?

"இன்னா தம்பி, துணி காயப் போட்டா மேலேர்ந்து செம்மண்ணா சொட்டுது?" என்று கீழ் வீட்டம்மா படியேறி வந்தபோது அவர் கையில் பேரனின் வெள்ளைச் சட்டை இருந்தது. தோள்பட்டையில் நான்கு செம்புள்ளி, துவைத்தாலும் போகாத ரகம். அசடு வழிந்துகொண்டே "பாத்துக்கிறேம்மா" என்றேன். அன்று சாயங்காலமே பன்னிரண்டு பிளாஸ்டிக் தட்டு வாங்கிவந்து தொட்டிகளுக்கு அடியில் வைத்தேன். அது ஜூலை மாதம். நவம்பர் முடிவதற்குள் இரண்டு கறிவேப்பிலையும் ஒரு துளசியும் போய்ச் சேர்ந்தன. கொசு ஒழிப்புக்கு வீடு வீடாக வரும் அக்கா டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, "சார், இது தட்டு இல்ல, கொசுப் பண்ணை" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அதற்கப்புறம் மூன்று வருஷமாக தட்டு, கால், குழாய், திரி என்று ஒவ்வொன்றாக மாற்றிப் பார்த்தாயிற்று. வேலூர் சத்துவாச்சாரியில் இரண்டாவது மாடி வாடகை வீடு எங்களுடையது. பால்கனி பத்தடி நீளம், நாலடி அகலம். பால்கனியில் புதிதாகச் செடி வைக்கிறவர்கள் எந்தத் தொட்டி வாங்கலாம் என்று கேட்டால், ஊற்றுகிற தண்ணீர் கடைசியில் எங்கே போய் விழும் என்று திருப்பிக் கேட்கிறேன். அதற்குப் பதில் தெரிந்தால் தொட்டி, மண், செடி மூன்றும் அதன் பின்னால் வந்துவிடும். பெரும்பாலும் நாம் தலைகீழாகச் செய்கிறோம். நர்சரியில் ரோஜாவைப் பார்த்து மயங்கி, அதற்குத் தொட்டி வாங்கி, மண் நிரப்பி, ஒரு வாரம் தண்ணீர் ஊற்றிய பிறகுதான் தரை ஈரமாக இருப்பது கண்ணில் படுகிறது.

மே மாதமும் நவம்பரும்

தண்ணியில்லாத ஆறு, மரமில்லாத மலை என்று எங்கள் ஊரைக் கிண்டல் பண்ணுவார்கள். கத்திரி வெயிலில் 40 டிகிரியைத் தாண்டும் ஊர் என்பதால், தொட்டிச் செடிக்கு இங்கே தண்ணீர் போதாமல் போவதுதான் கவலை, வடிவதைப் பற்றி எதற்குக் கவலை என்று தோன்றும். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. ஆனால் தென்மேற்கு, வடகிழக்கு என்று இரண்டு பருவமழையும் எட்டிப் பார்க்கிற ஊர் இது. 2021 நவம்பரில் பாலாறு கரைபுரண்டு ஓடியதையும், கோட்டை அகழி நிரம்பி ஜலகண்டேசுவரர் கோயிலுக்குள் தண்ணீர் புகுந்து நின்றதையும் பார்த்தவர்களுக்கு மழையைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. வந்த தண்ணீர் போக வழியில்லாமல் நின்றால் என்ன ஆகும் என்பதை அன்று கோயில் பிராகாரத்தில் பார்த்தோம். தொட்டிக்குள்ளும் நடப்பது அதேதான், என்ன, அங்கே நமக்குத் தெரிவதில்லை.

கணக்குப் போட்டால் புரியும். ஒரு சதுர மீட்டரில் 1 மி.மீ. மழை பெய்தால் அது 1 லிட்டர். 12 அங்குலத் தொட்டியின் வாய் ஏறக்குறைய 0.07 சதுர மீட்டர். ஒரே ராத்திரியில் 50 மி.மீ. கொட்டினால், மழை நேராக விழும் இடத்தில் இருக்கிற ஒரு தொட்டிக்குள் மூன்றரை லிட்டர் இறங்கும். நான் மே மாதத்தில்கூட ஒரு நாளைக்கு அவ்வளவு ஊற்றுவதில்லை. பன்னிரண்டு தொட்டிக்கு 42 லிட்டர். இது போக தரையில் நேராக விழுகிற சாரல் தனி.

ஆக, நாம் தேடுவது மே மாதத்தில் ஈரத்தைப் பிடித்து வைத்து நவம்பரில் கையை விரித்து விட்டுவிடுகிற ஏற்பாடு. அப்படி ஒரே சாமானில் இரண்டையும் முழுசாகச் செய்வது கிடையாது என்பதால்தான் ஒப்பிட வேண்டியிருக்கிறது.

ஸ்பாஞ்சை வைத்து ஒரு பரிசோதனை

வெளியே எங்கே போகும் என்பதற்கு முன்னால், தொட்டிக்குள் என்ன நடக்கிறது என்று ஒரு நிமிஷம். பாத்திரம் தேய்க்கும் ஸ்பாஞ்ச் ஒன்றை நன்றாக நனைத்து உள்ளங்கையில் படுக்க வையுங்கள். சொட்டுவது நிற்கும்வரை காத்திருங்கள். நின்றதும், பிழியாமல், அப்படியே ஒரு பக்கமாக நிமிர்த்துங்கள். மறுபடி சொட்டும். அது நின்றதும் நெட்டுக்குத்தாக நிறுத்துங்கள். இன்னும் கொஞ்சம் சொட்டும். தண்ணீர் அதே தண்ணீர், ஸ்பாஞ்ச் அதே ஸ்பாஞ்ச். உயரம் கூடியதும் தாங்கிப் பிடிக்க முடியாத பங்கு கீழே இறங்கிவிட்டது. அத்தனை முறை வடிந்தபிறகும் அடி ஓரத்தைத் தொட்டுப் பாருங்கள், அங்கே மட்டும் சொதசொதவென்றுதான் இருக்கும்.

தொட்டி மண்ணும் இப்படித்தான். எத்தனை துளை போட்டாலும் அடியில் ஒரு பட்டை அளவுக்கு மண் தண்ணீரிலேயே ஊறிக் கிடக்கும். அந்தப் பட்டையின் உயரத்தை முடிவு செய்வது மண்ணின் நைசு, தொட்டியின் உயரம் அல்ல. நைசான களிமண்ணில் அதிகம், பருமனான கலவையில் குறைவு. அதனால் ஆறு அங்குல ஆழமுள்ள அகலத் தொட்டியில் வேர் பாதிக்கு மேல் சேற்றில் நிற்கும். அதே மண்ணை பதினாலு அங்குல ஆழத்தில் போட்டால் மேலே தாராளமாகக் காற்றோட்டமான இடம் கிடைக்கும். பார்க்க அழகாக இருக்கிறது என்று ஆழமில்லாத கிண்ணத் தொட்டியில் கற்பூரவள்ளி வைத்தவர்கள் அது அழுகியதற்குத் தண்ணீரைக் குறை சொல்கிறார்கள். ஆழத்தைச் சொல்ல வேண்டும்.

அடியில் ஜல்லி போடும் வழக்கமும் இங்கேதான் அடிபடுகிறது. என் அப்பா போட்டார், நானும் போட்டேன், நர்சரிக்காரர் இன்றைக்கும் போடச் சொல்கிறார். மூன்று அங்குலம் ஜல்லி, அதன்மேல் மண். தண்ணீர் சரசரவென்று இறங்கும் என்று நம்பிக்கை. உண்மையில் நைசான மண்ணில் இருக்கும் தண்ணீர், கீழே பெரிய இடைவெளி இருக்கிறது என்பதற்காக அதில் குதித்துவிடாது. மேல் மண் முழுசாக ஊறித் தாங்க முடியாமல் போனால்தான் ஜல்லிக்குள் இறங்கும். ஆகவே அந்தச் சேற்றுப் பட்டை காணாமல் போகாது, மூன்று அங்குலம் மேலே ஏறி வேருக்குப் பக்கத்தில் வந்து உட்காரும். 12 அங்குலத் தொட்டிக்குக் காசு கொடுத்து 9 அங்குலத் தொட்டியாக்கி, மேற்கொண்டு பால்கனியில் எடையையும் ஏற்றியதுதான் மிச்சம். துளையை மூட ஒரு ஓட்டுச் சில்லைக் கவிழ்த்து வைப்பது வேறு விஷயம், அது மண் ஒழுகாமல் இருக்க. அதுகூட வேண்டாம், பழைய நைலான் கொசுவலைத் துண்டு போதும்.

ஜல்லியா நல்ல கலவையா என்றால், கலவைதான். என் கணக்கு: செம்மண் ஒரு பங்கு, மட்கிய எரு ஒரு பங்கு, நன்றாக அலசிய கோக்கோபீட் (தேங்காய் நார்த் தூள்) ஒரு பங்கு, பருமனான உமிக்கரி ஒரு பங்கு. உமிக்கரிக்கு நாங்கள் கஷ்டப்பட வேண்டியதில்லை, ஆரணிப் பக்கம் அரிசி ஆலைகள் நிறைய. ஆனால் வாங்கும்போது கையில் அள்ளிப் பாருங்கள். உமியின் உருவம் மாறாமல் கறுத்திருந்தால் அது கரி. வெள்ளைப் பொடியாக உதிர்ந்தால் அது சாம்பல், மண்ணில் போட்டால் அடைத்துக்கொள்ளும். ஆற்று மணல் கேட்டால் கிடைக்காது, கிடைத்தாலும் வாங்கும் விலையில் இல்லை. எம்-சாண்ட் போடுகிறவர்கள் இரண்டு மூன்று தண்ணீரில் அலசி அந்தச் சாம்பல் நிற மாவைப் போக்கிவிட்டுப் போடவும். அலசாமல் போட்டால் கட்டட வேலைக்குக் கலவை போட்ட மாதிரி இறுகிவிடும்.

தட்டு, கால், குழாய், நீர்த்தொட்டி

இனி முக்கியமான கேள்வி. துளை வழியாக வெளியே வரும் தண்ணீரை என்ன செய்வது?

முதலில் தட்டு. மலிவு, எங்கும் கிடைக்கும், வாடகை வீட்டுக்காரர் எதிர்ப்புச் சொல்ல முடியாது. தண்ணீர் ஊற்றி அரை மணி நேரத்தில் தட்டைக் காலி செய்துவிடுகிற ஆளாக இருந்தால் தட்டைவிட நல்லது எதுவுமில்லை. நான் அந்த ஆள் இல்லை. பன்னிரண்டு தடவை குனிந்து, பன்னிரண்டு தடவை பத்துப் பதினைந்து கிலோவைச் சாய்த்துத் தட்டை உருவ வேண்டும். முதல் வாரம் செய்வோம். மூன்றாவது வாரம் "நாளைக்கு" என்போம். ஏடிஸ் கொசு முட்டையிலிருந்து பறக்கும் கொசுவாவதற்கு ஏறக்குறைய ஏழிலிருந்து பத்து நாள், அந்த நாளைக்குள் அது வேலையை முடித்துவிடும். காலி செய்தால் மட்டும் போதாது, தட்டின் ஓரத்தைத் தேய்த்துக் கழுவ வேண்டும். அதன் முட்டை தட்டின் சுவரில் ஒட்டிக்கொண்டு காய்ந்த நிலையிலேயே மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும், அடுத்த தண்ணீர் பட்டதும் பொரியும்.

தட்டில் இன்னொரு தொல்லை உப்பு. எங்கள் போர் தண்ணீரைக் கொதிக்க வைத்தால் பாத்திரத்தில் வெள்ளை படியும், அது தெரிந்த கதை. அந்த உப்பு தொட்டியிலிருந்து வடிந்து தட்டுக்கு வருகிறது. வெயிலில் மண் காயும்போது தட்டுத் தண்ணீரை மண் மேலே உறிஞ்சுகிறது. உப்பும் கூடவே ஏறுகிறது. இரண்டு மாதத்தில் மண்ணின் மேல் வெள்ளைப் பூஞ்சை மாதிரி ஒன்று படியும். பூஞ்சை இல்லை, உப்பு. இலை நுனி பழுப்பாகக் கருகுவது அதனால்தான். ஆர்.ஓ. மெஷினின் கழிவுத் தண்ணீரை வீணாக்கக் கூடாது என்று செடிக்கு ஊற்றுகிறவர்கள் தட்டும் வைத்திருந்தால் நிலைமை இன்னும் மோசம், அதில் உப்பு போர் தண்ணீரைவிட அதிகம். வீடு துடைக்க வைத்துக்கொள்ளுங்கள்.

தட்டை விட முடியாது என்றால், அதில் சிறு கூழாங்கல்லை நிரப்பி, தொட்டியைக் கல்லின்மேல் உட்கார வையுங்கள். தண்ணீர் கல்லுக்கு இடையில் நிற்கும், தொட்டியின் அடியைத் தொடாது. தொட்டிக்குள் தப்பாகப் போகிற அதே ஜல்லிக்கு வெளியே இப்படி ஒரு உபயோகம்.

இரண்டாவது, தட்டே இல்லாமல் தொட்டியைக் கால் வைத்துத் தூக்கி, வடிகிற தண்ணீரைத் தரையில் ஓடவிட்டு பால்கனி மூலையில் இருக்கிற ஓட்டை வழியாக அனுப்புவது. செடிக்கு இதுதான் சுகம். தட்டையான அடியுள்ள தொட்டியை டைல்ஸில் நேராக வைத்தால் துளை ஒட்டி மூடிக்கொள்ளும். மூன்று டைல்ஸ் துண்டு அல்லது பாட்டில் மூடி வைத்து ஒரு விரல் தூக்கினாலே வித்தியாசம் தெரியும். ஆனால் இந்த வழி உங்கள் பால்கனியைப் பொறுத்தது. ஒரு வாளித் தண்ணீரைத் தரையில் கொட்டிப் பாருங்கள். ஓட்டையை நோக்கி ஓடினால் சரி. நடுவில் குளம் கட்டினால், அந்த ஈரம் நாளாவட்டத்தில் தளத்துக்குள் இறங்கி, கம்பி துருப்பிடித்து, கீழ் வீட்டுக் கூரையில் ஓதம் காட்டும். அடுத்து, அந்த ஓட்டையின் மறுபக்கம் எங்கே போகிறது என்று தெருவில் இறங்கி நின்று பாருங்கள். குழாயில் இணைத்திருந்தால் நல்லது. பழைய வீடுகளில் ஒரு அடி நீளத்துக்கு ஒரு தூம்பு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும், அவ்வளவுதான். அந்தத் தூம்புதான் பேரனின் சட்டைக்குக் காரணம். மழைநீர் சேமிப்புக் குழியோடு இணைத்த குழாயாக இருந்தாலும் யோசியுங்கள். தமிழ்நாட்டில் 2003-லிருந்து எல்லாக் கட்டடத்துக்கும் அது கட்டாயம்; தொட்டி மண்ணும் எருக்கரைசலும் அதில் போய்ச் சேர்ந்தால் குழி அடைத்துக்கொள்ளும், மற்ற குடித்தனக்காரர்கள் சும்மா விடமாட்டார்கள்.

மூன்றாவது வழியில்தான் நான் இப்போது இருக்கிறேன். தொட்டிகளை இரும்பு ஸ்டாண்டில் வரிசையாக ஏற்றி, அடியில் ஒரு நீளக் குழாயை ஓடவிட்டு, எல்லாத் தண்ணீரையும் ஒரே வாளியில் பிடிப்பது. வெல்டிங் கடையில் ஆங்கிள் கம்பியில் எட்டடி நீளத்துக்கு முழங்கால் உயரத்தில் ஸ்டாண்ட் போடச் சொன்னேன். மேல்தளத்தில் பலகை கிடையாது, நீளவாக்கில் இரண்டு கம்பி மட்டும். தொட்டி அந்த இரண்டு கம்பியின் மேல் உட்காரும், அடித்துளை இரண்டுக்கும் நடுவில் காற்றில் தொங்கும். பிளம்பர் அண்ணன் நாலு அங்குல பிவிசி பைப்பை நெடுக இரண்டாகப் பிளந்து கொடுத்தார். அரைப் பைப்பை ஸ்டாண்டுக்குக் கீழே கம்பியால் கட்டி, ஒரு முனையில் மூடி, மறுமுனையில் அரை அங்குல டியூப், டியூபின் வாய் வாளியில். மீட்டருக்கு ஒரு சென்டிமீட்டர் சரிவு வைத்தேன். இன்னும் கொஞ்சம் கூட்டியிருக்கலாம்.

நினைத்த மாதிரி முதல் மாதம் ஓடவில்லை. மூன்றாவது வாரம் டியூப் அடைத்து, பைப் நிரம்பி வழிந்து, மறுபடி கீழ் வீட்டம்மா. கழற்றிப் பார்த்தால் கோக்கோபீட் தூள் களி மாதிரி இறுகியிருந்தது. இப்போது டியூப் தொடங்கும் இடத்தில் ஒரு கைப்பிடி தேங்காய் நார் அடைத்திருக்கிறேன், பதினைந்து நாளைக்கு ஒரு தடவை எடுத்து உதறிவிட்டுத் திருப்பி வைக்கிறேன். வாளி வாயைக் கொசுவலையால் கட்டியாயிற்று. பன்னிரண்டு தட்டு கழுவிய இடத்தில் ஒரு வாளி காலி செய்கிறேன், சோம்பேறிக்கு அது பெரிய வித்தியாசம்.

இதில் எனக்கே எதிர்பாராமல் கிடைத்த லாபம், எவ்வளவு அதிகமாக ஊற்றுகிறேன் என்று தெரிந்தது. எட்டுத் தொட்டிக்கு ஒரு லிட்டர் வீதம் எட்டு லிட்டர் ஊற்றினால் வாளியில் மூன்று லிட்டர் வந்தது. மண்ணுக்கு அது வேண்டியிருக்கவில்லை. ஏழெட்டில் ஒரு பங்கு வடிந்தால் போதும், உப்பை அலச அந்த அளவாவது வெளியே போக வேண்டும். வாளியைப் பார்த்து ஊற்றும் அளவைக் குறைத்துக்கொண்டேன். தட்டு வைத்திருந்தவரை இது தெரியவே இல்லை.

நான்காவது, தானாகத் தண்ணீர் எடுத்துக்கொள்ளும் தொட்டி. அடியில் ஒரு நீர்த்தொட்டி, அதிலிருந்து திரி வழியாக மண் வேண்டிய அளவு உறிஞ்சிக்கொள்ளும். கடையில் கிடைக்கிறது, பழைய பெயின்ட் பக்கெட் இரண்டு இருந்தால் வீட்டிலேயே செய்யலாம். திரிக்குப் பருத்தி வேண்டாம், மக்கிவிடும். நைலான் கயிறோ பாலியஸ்டர் புடவைக் கிழிசலோ போடுங்கள். ஏப்ரலில் நாலு நாள் திருப்பதி, குலதெய்வம் என்று வெளியூர் போகிறவர்களுக்கு இது வரப்பிரசாதம். சாரல் படாத, உள்ளடங்கிய பால்கனிக்கும் பொருத்தம். ஆனால் பக்கவாட்டில், நீர்த்தொட்டி நிரம்பும் உயரத்தில் ஒரு வழிந்தோடும் துளை இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். அது இல்லாத தொட்டி நவம்பரில் குடம். உப்புக் கணக்கும் இங்கே எதிர்ப்பக்கம் திரும்பும்: தண்ணீர் எப்போதும் கீழிருந்து மேலேயே போவதால் உப்பு மண்ணின் மேற்பரப்பில் தங்கும், மாதம் ஒருமுறை மேலேயிருந்து தாராளமாக ஊற்றிக் கழுவிவிட வேண்டும். காவிரி கூட்டுக் குடிநீர் வரும் நாளில் பிடித்து வைத்து அதற்குப் பயன்படுத்துகிறேன். நீர்த்தொட்டியில் புதினா நன்றாக வருகிறது, கீரையும் வருகிறது. கறிவேப்பிலையையும் கற்றாழையையும் அதில் வைப்பது அவற்றுக்குத் தண்டனை.

துளையே இல்லாத பீங்கான் தொட்டியும் ஒரு வழி என்று சிலர் சொல்வார்கள். உள்ளே துளையுள்ள பிளாஸ்டிக் தொட்டியை இறக்கி வைத்து, தண்ணீர் ஊற்ற வெளியே எடுப்பதாக இருந்தால் ஹாலில் வைக்க நன்றாக இருக்கும். பால்கனிக்கு வேண்டாம்.

எடையும் தொட்டியும்

மண் தொட்டியா, பிளாஸ்டிக்கா, சிமென்ட்டா, குரோ பேகா என்ற கேள்வி இதற்கு அப்புறம்தான் வரவேண்டும். மண் தொட்டியின் சுவர் வழியாக ஈரம் ஆவியாகும். மழைக்காலத்தில் அது காப்பாற்றும், மே மாதத்தில் காலையும் மாலையும் ஊற்ற வைக்கும். கரிகிரிப் பக்கம் மண்பாண்டத்துக்குப் பேர்போன இடம். பூச்சுப் போட்ட தொட்டி வாங்கினால் இந்தச் சுவர்வழி மூச்சு கிடையாது என்பதை மட்டும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், அது வடிகால் கணக்கில் பிளாஸ்டிக் மாதிரிதான். துணி மாதிரியான தடித்த பை நன்றாக வடியும், ஆனால் அடி முழுக்க ஈரம் கசியும் என்பதால் ஸ்டாண்டின் இரண்டு கம்பியில் நிற்காது, பைப்பில் நேராகச் சொட்டாது. பிளாஸ்டிக் குரோ பேகில் கடைக்காரர் போட்ட துளைகள் பெரும்பாலும் பக்கத்தில், அடியிலிருந்து ஒரு அங்குலம் மேலே இருக்கும். அந்த ஒரு அங்குலத்தில் தண்ணீர் தேங்கும். அடியிலும் நாலு துளை போட்டுக்கொள்ளுங்கள், கம்பியைச் சுடவைத்து அழுத்தினால் ஆயிற்று.

சிமென்ட் தொட்டியைப் பால்கனிக்கு நான் சிபாரிசு செய்யவில்லை. குடியிருப்பு பால்கனி தாங்க வேண்டிய எடையாக ஐ.எஸ். 875 என்கிற இந்தியத் தரநிலை சொல்வது சதுர மீட்டருக்கு 3 கிலோ நியூட்டன், அதாவது 300 கிலோவை ஒட்டி. கேட்க நிறைய மாதிரி தெரியும். ஆனால் அதில் ஆட்களும், துணி உலர்த்தும் ஸ்டாண்டும், வாஷிங் மெஷினும் அடக்கம். அதுவும் பழைய கட்டடத்தில் யார் எந்தக் கம்பி போட்டுக் கட்டினார்கள் என்று யாருக்குத் தெரியும். வடியாத தொட்டி என்பது எடையும்தான். தேங்கி நிற்கும் ஒவ்வொரு லிட்டரும் ஒரு கிலோ. கனமான தொட்டிகளைக் கைப்பிடிச் சுவர் பக்கம் அடுக்காமல் வீட்டுச் சுவரை ஒட்டி வையுங்கள்.

யாருக்கு எது

நாலைந்து தொட்டி மட்டும், தினமும் குனிய முடியும் என்றால் தட்டும் கூழாங்கல்லும் போதும், அதற்கு மேல் செலவு செய்யாதீர்கள். தரைத் தளம் அல்லது சொந்த வீட்டு பால்கனி, சரிவும் சரி, குழாயும் தெருச் சாக்கடைக்குப் போகிறது என்றால் கால் வைத்துத் தூக்கி ஓடவிடுங்கள். கீழே ஆள் இருக்கும் மாடி, எட்டுக்கு மேல் தொட்டி என்றால் ஸ்டாண்டும் அரைப் பைப்பும். அடிக்கடி ஊருக்குப் போகிறவர், மழை படாத பால்கனி என்றால் நீர்த்தொட்டி.

என் வீட்டில் இப்போது மூன்றும் கலந்திருக்கிறது. எட்டுத் தொட்டி ஸ்டாண்டில்: கறிவேப்பிலை, இரண்டு ரோஜா, தக்காளி, பச்சை மிளகாய், கற்பூரவள்ளி, மல்லி, ஒரு முள் கத்திரி. முள் கத்திரியைப் பற்றி ஒரு வார்த்தை. இலவம்பாடிக் கத்திரிக்காய் என்று சந்தையில் கேட்டு வாங்குவோமே, 2023-ல் வேலூர் முள் கத்திரி என்று புவிசார் குறியீடு வாங்கியது, அதேதான். வேர் ஊறினால் இரண்டே நாளில் தலை தொங்கிவிடும். மண் ஈரமாக இருக்கும்போதே செடி வாடினால் இன்னும் தண்ணீர் ஊற்றாதீர்கள், அது தாகமில்லை, மூச்சுமுட்டல். அடியில் கை விட்டு முகர்ந்து பார்த்தால் சாக்கடை வாடை வரும். வேரை இழுத்தால் மேல்தோல் உறை மாதிரி கழன்று நரம்பு மட்டும் கையில் நிற்கும்.

மழைக்கு முன்னால் ஸ்டாண்டில் இருக்கும் தொட்டிகளுக்கு இன்னொரு வேலை செய்கிறேன். ஒரு முழம் நைலான் கயிற்றை ஒவ்வொரு அடித்துளை வழியாகவும் உள்ளே நாலு விரல் ஏற்றி, மிச்சத்தைக் கீழே தொங்கவிடுகிறேன். அடியில் ஊறிக் கிடக்கும் பட்டையிலிருந்து கயிறு கொஞ்சம் கொஞ்சமாக இழுத்துச் சொட்டவிடும். நீர்த்தொட்டித் திரியின் அதே வேலை, திசை மட்டும் தலைகீழ். கயிறு இல்லாவிட்டால் தொட்டியை ஒரு பக்கம் செங்கல் சில்லு வைத்துச் சாய்த்தாலும் கொஞ்சம் வடியும், ஸ்பாஞ்சை நிமிர்த்திய கதை. தை பிறந்ததும் கயிறுகளை உருவிவிடுவேன்.

இரண்டு பெயின்ட் பக்கெட் நீர்த்தொட்டியில் புதினாவும் அரைக்கீரையும் உள்பக்கச் சுவரோரம். மிச்சம் துளசி. அதற்கு மட்டும் தட்டுதான், ஏனென்றால் அது வாசல்பக்கம் இருக்கிறது. அம்மா காலையில் குளித்துவிட்டு ஒரு சொம்புத் தண்ணீர் ஊற்றாமல் இருக்கமாட்டார்கள். மழை பெய்தாலும் ஊற்றுவார்கள். "ஈரமா இருக்கும்மா" என்று ஒருமுறை சொல்லிப் பார்த்தேன். "சாமிக்கு ஊத்தறதுடா" என்றார்கள். அதோடு விட்டுவிட்டேன். துளசி மண்ணில் உமிக்கரியை இரண்டு பங்காக்கி, தொட்டியை இரண்டு அங்குலம் ஆழம் கூடியதாக மாற்றினேன். தட்டை நான் காலி செய்கிறேன்.

பாக்கி இருப்பது மழை நாளில் ஸ்டாண்டின் எட்டுத் தொட்டியிலும் இறங்குகிற 28 லிட்டர். 20 லிட்டர் வாளி பாதி ராத்திரியில் நிரம்பிவிடும், அப்போது டியூபை வாளியிலிருந்து எடுத்துத் தூம்புக்குத் திருப்ப வேண்டியிருக்கிறது, தூம்பு மறுபடி கீழ் வீட்டுக் கொடிக்கு மேலே. தூம்பில் ஒரு எல்போ மாட்டி, சுவரோரமாக ஒரு பைப்பைத் தரைவரைக்கும் இறக்கிவிட்டால் முடிந்தது. சுவரில் நாலு கிளாம்ப் அடிக்க வீட்டு ஓனரிடம் கேட்டிருக்கிறேன். "பாக்கலாம் சார்" என்றிருக்கிறார். அவர் பார்ப்பதற்குள் ஐப்பசி வந்துவிட்டால், மழை நாளில் கொடியில் துணி இருக்கிறதா என்று எட்டிப் பார்த்துவிட்டுத்தான் டியூபைத் திருப்ப வேண்டும்.